மழை விட்டதும் பிடித்த ராணி எறும்பு: என்ன இனம்? முட்டை போடவில்லை, அவசரம்

மொட்டைமாடி:
வணக்கம். மழை விட்டதும் மாடி விளக்கடியில் பெரிய கறுப்பு எறும்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ராணி மாதிரி தெரிந்ததால் பிடித்து டெஸ்ட் டியூபில் வைத்திருக்கிறேன். என்ன இனம் என்று யாராவது சொல்லுங்கள். முட்டை போடவில்லை, சர்க்கரை வைத்தால் தொடுவதில்லை, எப்போது பார்த்தாலும் பஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன், கொஞ்சம் மங்கல்தான்.

வைகைக்கரை:
எந்த ஊர்? எத்தனை மில்லிமீட்டர்? சிறகு இருந்ததா, உதிர்த்துவிட்டதா? படத்தில் கறுப்பாக ஏதோ இருப்பது மட்டும்தான் தெரிகிறது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் இடுப்பு தெரியாது, இடுப்பு தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கொங்குக்காட்டான்:
மழை, விளக்கு என்றாலே முதலில் ஈசலா என்று பாருங்கள். ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது, உணர்கொம்பு வளையாமல் நேராக இருக்கும். எறும்புக்கு முன்சிறகு பெரிது, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும்.

வைகைக்கரை:
அண்ணே, ஈசல் இல்லை, படத்தில் ஒடுங்கின இடுப்பு லேசாகத் தெரிகிறது.

நெல்லைச்சீமை:
எனக்கென்னவோ இது ராணியே இல்லை என்றுதான் படுகிறது. கட்டெறும்பில் பெரிய தலை வேலைக்காரி ஒன்று உண்டு, அதைப் பிடித்துவைத்து ராணி, ராணி என்று காத்திருப்பவர்கள் நிறைய. தலை பெரிதாக, நெஞ்சு ஒல்லியாக இருந்தால் அதுதான். அது உங்களுக்குக் கூட்டம் பெருக்கித் தராது, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

புற்றுக்கண்:
ஒவ்வொரு மழைக்கும் இதே கேள்வி, இதே மங்கல் படம். பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, "பெரிய கறுப்பு எறும்பு" என்று சொன்னால் தமிழ்நாட்டில் பத்து எறும்பு வரும். நிறத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். முதலில் நெஞ்சு: ராணிக்குச் சிறகை அசைக்கும் தசை இருந்த இடம் என்பதால் மேலே மேடு தட்டி, தலை அகலத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும், வேலைக்காரிக்கு அது ஒடுங்கி இருக்கும். அந்த மேட்டின் இரண்டு பக்கமும் சிறகு உதிர்ந்த தழும்பு, சின்னக் குச்சியை ஒடித்த முனை மாதிரி தெரியும். அப்புறம் நெற்றி. இரண்டு கண்ணுக்கும் நடுவில் உச்சியில் மூன்று சின்னப் புள்ளிக் கண்கள், முக்கோணமாக. கட்டெறும்பின் பெரிய தலை வேலைக்காரிக்கு அது இருக்காது. கடைசியாக இடுப்பில் ஒரு முடிச்சா, இரண்டா? இரண்டு என்றால் நெருப்பெறும்பு வகையறா, ஒன்று என்றால் கட்டெறும்பு, முசுறு பக்கம் போகலாம். இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேளுங்கள், சொல்கிறேன்.

பனங்காடு:
விளக்குக்கு வருவதில் இன்னொன்றும் இருக்கிறது. டொரைலஸ் ஆண் எறும்பு. குளவி மாதிரி பெரிதாக, வயிறு தடித்து நீண்டு உருளையாக, பழுப்பாக இருக்கும். அதை ராணி என்று தேன் ஊற்றி வைத்திருந்தார் எனக்குத் தெரிந்த ஒருவர்.

மொட்டைமாடி:
தென்காசி பக்கம். ஸ்கேலில் 16 மி.மீ. வருகிறது. சிறகு இல்லை, பிடிக்கும்போதே இல்லை. பழுப்பு இல்லை, நல்ல கறுப்பு. தினமும் நாலைந்து தடவை திறந்துதான் பார்க்கிறேன், முட்டை இல்லை.

வைகைக்கரை:
அதுதான் பிரச்சினை! திறக்காதீர்கள். 16 மி.மீ., சிறகு உதிர்த்திருக்கிறது என்றால் கட்டெறும்பு, அதாவது கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ் ராணியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நெருப்பெறும்பு ராணி இதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். கட்டெறும்பு ராணி முதல் பிள்ளைகள் வரும்வரை சாப்பிடாது, சிறகுத் தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்தே புழுக்களை வளர்க்கும். சர்க்கரையை எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பஞ்சு, ராணி, டியூப் வாயில் பஞ்சு. கறுப்புத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பாருங்கள். அதிர்ச்சியில் முட்டையையே தின்றுவிடும்.

நெல்லைச்சீமை:
எல்லா ராணியும் பட்டினி கிடக்காது, வைகை. கொடுக்கால் கொட்டும் கறுப்பு எறும்புகளில் பல இனங்களின் ராணி வெளியே போய் இரை தேடித்தான் ஆக வேண்டும், இரை போடாவிட்டால் சாகும். அந்த வகையிலேயே டயகாமா என்ற எறும்பில் ராணி என்ற பிறவியே கிடையாது, வேலைக்காரிகளில் ஒன்றுதான் இணைந்து முட்டையிடும். ஆகவே இனம் தெரியாமல் பட்டினி போடச் சொல்வது தப்பு.

புற்றுக்கண்:
அதனால்தான் இடுப்பையும் நெற்றியையும் பார்க்கச் சொன்னேன். இன்னொன்று, சிறகு உதிர்ந்துவிட்டது என்பதாலேயே இணைந்த ராணி என்று ஆகாது. இணையாத ராணியும் உதிர்க்கும், முட்டையும் போடும், ஆனால் அதிலிருந்து ஆண்கள்தான் வரும்.

ஆலமரத்தடி:
கட்டெறும்பு என்று உறுதியானால் எனக்குக் கொடுப்பீர்களா? விலை சொல்லுங்கள். கூரியரில் அனுப்பலாம், ஓசூர்.

பனங்காடு:
தயவுசெய்து இங்கே ராணி வியாபாரம் வேண்டாம். 2025-ல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்ட இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். அவையும் இதே மாதிரி டியூபும் பஞ்சும்தான். ஓர் ஊர் ராணியை இன்னோர் ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டுக்கல் கரந்தமலையைப் பாருங்கள். 2022-ல் மஞ்சள் பைத்திய எறும்பு ஆடுமாடு வைத்திருந்தவர்களை என்ன பாடு படுத்தியது!

ஆலமரத்தடி:
கட்டெறும்பு ஓசூரிலும் இருக்கிறது, தென்காசியிலும் இருக்கிறது. கரந்தமலை எறும்பை எறும்பு வளர்ப்பவர்களா கொண்டுவந்து விட்டார்கள்? அது சரக்கோடு உலகம் சுற்றும் இனம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

பனங்காடு:
இனம் உறுதியாகத் தெரியாத ராணியைத்தானே கேட்கிறீர்கள்? தப்பான இனம் கூரியரில் போய், அங்கே டியூப் உடைந்தால் யார் பொறுப்பு? மழை பெய்தால் உங்கள் ஊரிலேயே ராணி கிடைக்கும், ஒரு மாலை டார்ச்சோடு நடந்து பாருங்கள்.

கொங்குக்காட்டான்:
இதற்குத் தனி இழை திறங்களப்பா. கேட்டவரே காணாமல் போய்விட்டார்.

மொட்டைமாடி:
இருக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நெற்றியில் மூன்று புள்ளி இருக்கிறது. இடுப்பில் ஒரு முடிச்சுதான். சர்க்கரையை எடுத்துவிட்டுத் துணி சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

வைகைக்கரை:
நல்லது, ராணிதான். கால் என்ன நிறம், வயிற்றில் பளபளவென்று பொன் நிற மயிர் இருக்கிறதா? இருந்தால் அது கேம்போனோட்டஸிலேயே இன்னோர் இனமான செரிசியஸ், கம்ப்ரெஸஸ் இல்லை.

நெல்லைச்சீமை:
கொடுக்கு இருக்கிறதா என்பதையும் சொல்லட்டும். கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது, கடித்துவிட்டு அமிலம் பீய்ச்சும். அதுவரை நான் நம்ப மாட்டேன்.

வைகைக்கரை:
@மொட்டைமாடி, கால் நிறம்?