350இசட்: பி0420 வருகிறது, எந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வாங்கலாம்?

இசட்33 (கேள்வி)

வணக்கம். கார் 2004 நிஸான் 350இசட், மேனுவல், விக்யூ35டிஇ என்ஜின். செக் என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0420 (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சுருக்கமாக கேட், சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு) மட்டும் காட்டுகிறது. அழித்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. உயர் ஆர்பிஎம்மில் முன்பு இருந்த இழுவை இல்லை. ஜாக் வைத்துத் தூக்கி ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், வலப்பக்க கேட்டுக்குள் ஏதோ உடைந்து குலுங்கும் சத்தம்.

நிறுவனத்தின் ஒரிஜினல் பாகம் எனக்குக் கட்டுப்படியாகாது. ஆஃப்டர்மார்க்கெட்டில் (வேறு நிறுவனங்களின் தயாரிப்பில்) மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறேன்: போல்ட் போட்டு அப்படியே பொருந்தும் 400 செல் செராமிக், 200 செல் மெட்டல் ஹை-ஃப்ளோ, பைப்பை வெட்டி வெல்ட் செய்யும் யுனிவர்சல். தினமும் ஓட்டும் கார், எப்போதாவது டிராக்குக்கும் போகும். எதை எடுக்கலாம்? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டறைக்காரர்

தம்பி, புதுசு எதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி பழசு ஏன் போச்சுன்னு கண்டுபிடிங்க. கேட் தானா கெட்டுப் போறது குறைவு. என்ஜின்ல இருக்கிற கோளாறுதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கும். அதைச் சரி பண்ணாம எவ்வளவு நல்ல கேட் வாங்கிப் போட்டாலும் அதுவும் அதே வழியில போயிடும்.

பி0420ன்னா பேங்க் 1, அதாவது என்ஜின்ல ஒரு பக்கத்து சிலிண்டர் வரிசை. உங்க என்ஜின்ல அது டிரைவர் சீட்ல உக்காந்து பாத்தா வலப்பக்கம், 1, 3, 5 சிலிண்டர்கள். ஆயில் குடிக்கிற என்ஜினா இருந்தா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சேந்து அடி வாங்கும், பேங்க் 2க்கான பி0430-ம் கூட வந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் போயிருக்குன்னா எனக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது) மேலதான் சந்தேகம். எரியாத பெட்ரோல் கேட்டுக்குள்ள போய் அங்க எரியும். சூடு 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டினா உள்ள இருக்கிற செராமிக் தேன்கூடே உருகிடும்.

நாலு விஷயம் சொல்லுங்க: மிஸ்ஃபயர் கோடு எப்பவாவது வந்துச்சா? ஆயில் குறையுதா? கூலன்ட் குறையுதா? சீரான வேகத்துல ஓட்டும்போது பின் ஆக்சிஜன் சென்சார் ரெண்டும் எவ்வளவு வோல்ட் காட்டுது?

இசட்33

நன்றி அண்ணா. இந்தக் கோடு வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பி0303 (மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஃபயர்) வந்தது. மூன்றாம் சிலிண்டர் இக்னிஷன் காயிலை மாற்றியதும் போய்விட்டது. ஆயில், கூலன்ட் இரண்டும் குறையவில்லை. பேங்க் 2 பின் சென்சார் 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. பேங்க் 1 பின் சென்சார் 0.1க்கும் 0.8க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்குகிறது.

பட்டறைக்காரர்

அப்ப காரணம் கிடைச்சாச்சு, அந்தக் காயில்தான். மூணாவது சிலிண்டர் பேங்க் 1ல வருது. இருந்தாலும் மேனிஃபோல்ட் கேஸ்கெட்லயும் பின் சென்சார் வரைக்கும் இருக்கிற ஜாயின்ட்லயும் கசிவு இருக்கான்னு ஸ்மோக் டெஸ்ட் பண்ணிடுங்க. அங்க வெளிக்காத்து உள்ள போனா சென்சார் பொய் சொல்லும், நல்ல கேட்டும் கெட்டதா தெரியும்.

அடைப்பு எவ்வளவுன்னு பாக்க முன் சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டுங்க. 2,500 ஆர்பிஎம்ல 3 பிஎஸ்ஐக்கு மேல போனா உள்ள அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

டிராக் பிரியன்

என் ஓட்டு 200 செல் மெட்டலுக்கு. மெல்லிய உலோகத் தகடு என்பதால் சுவர் தடிமன் குறைவு, புகை தடையில்லாமல் போகும், டிராக்கில் அதிர்வையும் செராமிக்கை விட நன்றாகத் தாங்கும். சத்தமும் அருமையாக மாறும். கோடு வந்தால் பின் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டுவிடலாம்.

உமிழ்வுச் சோதகர்

மெட்டல் அதிர்வைத் தாங்கும் என்பது சரி. ஸ்பேசர் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். அது சென்சாரைப் புகையோட்டத்திலிருந்து தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். வெளியே போகும் விஷவாயு அப்படியே போகும். பல நாடுகளில் அது சட்டவிரோதமும்கூட. அடுத்த முறை கேட் உண்மையிலேயே கெடும்போது உங்களுக்குச் சொல்ல ஆளும் இருக்காது.

செல் எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை துளைகள் என்ற கணக்கு. துளை குறைந்தால் தடை குறையும், கூடவே வாயு தொட்டுச் செல்லும் பரப்பும் குறையும். ஆனால் வாங்கும்போது எல்லோரும் இந்த எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், துளைச் சுவரில் பூசியிருக்கும் பூச்சு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எவ்வளவு இருக்கிறது? சீரியம் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது? கலவையில் காற்று கூடும்போது ஆக்சிஜனைச் சேர்த்து வைத்து, பெட்ரோல் கூடும்போது விடுவது சீரியம்தான். கார் கம்ப்யூட்டர் கேட்டின் நலத்தை அளப்பதே இந்தச் சேமிப்பை வைத்துத்தான். சேமிப்பு நன்றாக இருந்தால் பின் சென்சார் அசையாமல் நிற்கும், உங்கள் பேங்க் 2 போல. விலை மலிவான யுனிவர்சல் கேட்டுகளில் இந்தப் பூச்சு மிகக் குறைவாக இருப்பதுண்டு. புதிதாகப் போட்ட சில மாதங்களில் பி0420 திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரே நிறுவனம் ஒரே காருக்கு வேறு வேறு தரத்தில் கேட் விற்கும். மேக்னாஃப்ளோ என்ற நிறுவனத்தில் ஓஇஎம் (ஒரிஜினலுக்கு இணையான) கிரேடு, கலிஃபோர்னியா கிரேடு என்று தனித்தனியாகவே உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். விற்பவரிடம் உங்கள் காரின் ஆண்டையும் என்ஜினையும் சொல்லி, அதற்கென அங்கீகாரம் பெற்ற பாகமா என்று கேளுங்கள். கலிஃபோர்னியா அங்கீகாரம் பெற்றதென்றால் உறையில் இ.ஓ. எண் (அரசு ஆணை எண்) பொறித்திருக்கும். ஐரோப்பிய வழியில் வந்ததென்றால் ஆர்103 விதிப்படி வட்டத்துக்குள் 'இ' முத்திரை இருக்கும். எண்ணைத் தேடி, உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் இந்த அங்கீகாரம் கட்டாயமில்லை என்றாலும், பூச்சு தரமானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வாங்குபவர் கைக்குக் கிடைக்காது.

டிராக் பிரியன்

ஸ்பேசர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பவர்? 400 போட்டால் என்ஜின் மூச்சு முட்டாதா?

உமிழ்வுச் சோதகர்

டர்போ இல்லாத என்ஜின் இது. நல்ல 400க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம் டைனோவில் (பவர் அளக்கும் கருவியில்) தேடிப் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்கும். அவர் இழந்த இழுவை உருகி அடைத்த கேட்டால் இழந்தது. அது 400லேயே திரும்பிவிடும். டர்போ காராக இருந்தால், டியூனும் மாற்றுவதாக இருந்தால், நானே தரமான மெட்டல் கேட்டைப் பரிந்துரைப்பேன்.

இசட்33

அழுத்தம் பார்த்தேன், 2,500 ஆர்பிஎம்மில் 5 பிஎஸ்ஐ. ஸ்மோக் டெஸ்டில் கசிவு இல்லை. 400 செல், நேரடிப் பொருத்தம், அங்கீகார எண் உள்ளது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு பக்கமா, இரு பக்கமா?

பட்டறைக்காரர்

பேங்க் 2 அசையாம 0.7ல நிக்குதே, அதை ஏன் தொடணும்? 200 செல் போடுறதா இருந்தா ரெண்டு பக்கமும் மாத்தச் சொல்லியிருப்பேன். ஒரு பேங்க்ல தடை குறைவு, இன்னொண்ணுல அதிகம்னு விடக்கூடாது. ஒரிஜினலுக்கு நெருக்கமான 400க்கு அந்தக் கவலை இல்ல. இதைப் படிக்கிற 2006 மேனுவல்காரங்களும், 2005ல 300 குதிரைத்திறன் வந்த சில மேனுவல் மாடல்காரங்களும் மட்டும் கவனிங்க: உங்களுது 300 குதிரைத்திறன் ரெவ்-அப் என்ஜின், ஆயில் குடிக்கிறதுல பேர் போனது. ஆயில்ல இருக்கிற பாஸ்பரஸ் பூச்சு மேல படிஞ்சு அதைச் செயலிழக்க வைக்கும். மொதல்ல ஆயில் கணக்கைப் பாருங்க, அப்புறம் கேட் வாங்குங்க.

மாட்டும்போது: நட்டுக்கெல்லாம் முந்தின ராத்திரியே துரு இளக்கி அடிச்சு ஊற விடுங்க. பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீங்க. சென்சார் மரையில மட்டும் ஆன்டி-சீஸ் (மரை பிடிச்சுக்காம இருக்க தடவுற பேஸ்ட்), முனையில ஒரு துளிகூடப் படக் கூடாது. சாதாரண சிலிகான் பேஸ்ட் பக்கத்துலயே வரக் கூடாது, அதோட ஆவி சென்சாரையும் கேட்டையும் சேத்துக் கெடுக்கும். கழட்டின பழைய கேட்ல இருந்து துண்டு ஏதாவது பின்னாடி ரெண்டு பக்கமும் சேர்ற ஒய்-பைப்ல போய் உக்காந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

இசட்33

மாட்டியாயிற்று. ஒய்-பைப்பில் விரல் நகம் அளவு செராமிக் துண்டுகள் இருந்தன, எடுத்துவிட்டேன். கோடை அழித்தபின் கேட் மானிட்டர் (கார் கம்ப்யூட்டர் கேட்டைச் சோதிக்கும் முறை) 'தயார்' என்று காட்டும்வரை ஓட்டினேன், கோடு வரவில்லை. பேங்க் 1 பின் சென்சார் இப்போது 0.68ல் நிற்கிறது. 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை திரும்பிவிட்டது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

பட்டறைக்காரர்

சந்தோஷம் தம்பி. நாலஞ்சு தடவை நல்லா சூடாகி ஆறினதும் ஃபிளாஞ்ச் நட்டை ஒருதரம் டார்க் வச்சுப் பாத்துடுங்க, புது கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கும். மத்த அஞ்சு காயிலும் அதே வயசுதான். செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினா அங்கேயே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க.