கோடிங் பள்ளித் தேர்வுக்கு மண்டபம் ஊரில் இருந்து தயாரான கதை

பட்டம் கேட்காமல் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளும் கோடிங் பள்ளிகளைப் பற்றி இப்போது எங்கள் கடற்கரைப் பக்கமும் பேச்சு அடிபடுகிறது. ஜோஹோ நடத்துவது பலருக்குத் தெரியும். நான் எழுதியது வேறொன்று, பெயர் வேண்டாம். காகிதத்தில் ஒரு சுற்று, கணினியில் ஒரு சுற்று, கடைசியில் எழுதிய நிரலை எதிரே உட்கார்ந்து விளக்க வேண்டும்.

நம் மாநிலப் பாடப்புத்தகத்தில் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் இருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அடிப்படை போதும். ஆனால் பொதுத்தேர்வுக்கு நிரலை மனப்பாடம் செய்து எழுதிப் பழகிய கை, புதுக் கணக்கைக் கண்டால் நின்றுவிடும். அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, ஊரில் நடப்பதையே கணக்காக்கிப் போட ஆரம்பித்தேன்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஒரு தேதியைக் கொடுத்தால் தடை உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 'மாதம் 4 முதல் 6 வரை, நாள் 15க்கு மேல், 14க்குள்' என்று நிபந்தனையை அடுக்கினால், பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஒரே நாள் 15க்கு மேலும் 14க்குள்ளும் எப்படி இருக்கும்? எந்தத் தேதியைக் கொடுத்தாலும் 'தடை இல்லை' என்றுதான் வரும். மாதத்தை நூறால் பெருக்கி நாளைக் கூட்டினால் வேலை முடிந்தது. ஏப்ரல் 15 என்பது 415, ஜூன் 14 என்பது 614. இடையில் வந்தால் தடை, இரண்டு ஓரமும் சேர்த்து.

அந்த ஓரம்தான் முக்கியம். மொத்தம் எத்தனை நாள் என்று தேதிகளைக் கழித்தால் 60 வரும். தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில்தான் வலை பின்னிக்கொண்டிருந்தார். கேட்டேன். "அறுவத்தொண்ணு. இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு?" என்றார். முதல் நாளும் கடைசி நாளும் கணக்கில் உண்டு என்பதால் ஒன்று கூட்ட வேண்டும். ஏப்ரலில் 16, மேயில் 31, ஜூனில் 14.

அப்புறம் கணக்கைக் கொஞ்சம் வளர்த்தேன். இங்கே கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் கிடையாது. எதை முதலில் சோதிப்பது? எச்சரிக்கையைத்தான். தடைக்காலம் நாட்டுப்படகுக்கு இல்லை, சரி. அப்போது விசைப்படகின் மூன்று நாளிலும் நாட்டுப்படகு போகலாமா? கணக்கில் அது சொல்லப்படவில்லை. தேர்விலும் இப்படித்தான், பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். கண்காணிப்பாளரிடம் கேட்கலாம், கேட்பது தப்பில்லை. பக்கத்துப் பையன் கேட்காமலே தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினான்.

காகிதச் சுற்றில் 'இந்த நிரலின் வெளியீடு என்ன' வகைக் கேள்விகள்தான் அதிகம். மனதுக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் போட்டு, சுற்றுக்குச் சுற்று மதிப்பை அடித்து எழுதுங்கள். எதிர்ம எண் வகுத்தல் கட்டாயம் பாருங்கள். -7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் சி மொழியில் -3, பைத்தானில் -4.

கணினிச் சுற்றில் நமக்குக் காட்டாத உள்ளீடுகளையும் கொடுத்துச் சோதிப்பார்கள். காலிப் பட்டியல், ஒரே ஒரு எண், எல்லாம் ஒரே எண் என்று வரும். 'இரண்டாவது பெரிய எண்' கேள்வியில் பலர் விழுவது அந்தக் கடைசி வகையில்தான். சியில் எழுதினால் ஃபேக்டோரியல் 12 வரைதான் இன்ட் என்கிற சாதாரண முழு எண் வகையில் அடங்கும், 13க்கு வேறு வகை வேண்டும். லட்சம் எண்களுக்கு லூப்புக்குள் லூப் போட்டால் ஆயிரம் கோடி தடவை ஓடும், நேரம் முடிந்துவிடும்.

லேப்டாப் இல்லாதவர்கள் போனிலேயே பைத்தான் பழகலாம், நானும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் தேர்வுக்கு முன் சில நாளாவது ராமநாதபுரம் போய் பிரவுசிங் சென்டரில் கீபோர்டில் அடித்துப் பாருங்கள். அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போகும்.

நேர்காணலில் என் நிரலில் ஒரு '<='ஐ '<' ஆக்கிவிட்டு, "இப்ப என்ன ஆகும்?" என்றார் ஒருவர். கடைசி எண் விடுபடும் என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். தாளை வாங்கிக் கட்டம் போட்டு ஓட்டிக் காட்டினேன். இடம் கிடைத்தது.

யாராவது அடுத்த தடவை எழுதுவதாக இருந்தால் சொல்லுங்கள். நான் போட்டுப் பார்த்த கணக்குகளின் நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்துக்கு நான் பொறுப்பில்லை.