உதவி: அப்பாவோட பழைய ஸ்பீக்கர், நல்ல கைக்குப் போகணும் (அவசரம்)

எட்டாவது கிராஸ் (திங்கள், இரவு 10.40)
எல்லாருக்கும் வணக்கம். அப்பா போன ஐப்பசியில தவறிட்டார். வர 28-ம் தேதிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். அவரோட ஸ்பீக்கர் ஜோடி ஹால்லயே நிக்குது. "இது மாதிரி ஊர்ல இல்லை"ன்னு சொல்லிட்டே இருப்பார். எனக்குப் பணம் முக்கியமில்லை, போட்டுக் கேக்குற வீட்டுக்குப் போகணும். யாரைக் கேக்கறது? ஒண்ணுல சத்தம் கம்மியா வருது, அது வேற. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

எஸ்பி ரோடு வாசி
எந்தக் கம்பெனி? மாடல்? எந்த ஊர்? போட்டோ போடுங்க.

மழைமானி
சத்தம் கம்மின்னா ஈரம்தான் காரணம். வேற எதையும் யோசிக்காதீங்க. ரெண்டு நாள் வெயில் படுற ரூம்ல வைங்க, சரியாயிடும்.

கன்டென்சர்
ஈரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. பழைய ஸ்பீக்கர்னா கூம்பைச் சுத்தி இருக்கிற ஃபோம் பொடிஞ்சு போயிருக்கும். விரலால கூம்பை மெல்ல உள்ளே அமுக்குங்க. கரகரன்னு உரசினா காயில் போச்சு. உரசலேன்னா ஃபோம் மட்டும் மாத்தினா போதும். பாஸையும் ட்ரெபிளையும் பிரிச்சுக் கொடுக்கிற கிராஸ்ஓவர்ல இருக்கிற கன்டென்சரையும் மாத்தியே ஆகணும், அதுல சமரசமே கிடையாது.

வால்வு மாமா
மாடல் பேர் இல்லை, ஊர் இல்லை, என்ன ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்)னு இல்லை. டாக்டர்கிட்ட போன் பண்ணி "வலிக்குது"ன்னு சொல்லிட்டு வெச்சுடற மாதிரி இருக்கு. பதில் சொல்றவங்களும் பார்க்காமலே மருந்து எழுதறாங்க. இருபது வருஷமா இதையேதான் சொல்லிட்டு இருக்கேன்.

எட்டாவது கிராஸ் (செவ்வாய், காலை 6.15)
சாரி சார். பெங்களூர், மல்லேஸ்வரம். பேர் எங்கேயும் தெரியலை. கூம்பும் இல்லையே! முன்னாடி முழுக்கச் செம்பு கலர் வலை, லேசா வளைஞ்சு, குட்டைக் கால்ல நிக்குது. பார்க்க ரூம் ஹீட்டர் மாதிரியே இருக்கும். என் மாமியார் முதல் தடவை வந்தப்போ மார்கழிக் குளிர், நிஜமாவே கையை நீட்டிக் காய்ஞ்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனியா கரண்ட் பிளக் இருக்கு. அப்பா எச்.ஏ.எல்.ல இருந்தார், 1967-ல லண்டன்லேர்ந்து கப்பல்ல வந்தது. நேத்து அண்ணன் பையன் அவனோட ஹோம் தியேட்டர் ஆம்ப்ல மாட்டிப் பார்த்தான். சடசடன்னு சத்தம், ஒரு மாதிரி வாசனை. கன்டென்சர் சார், வலையைக் கழட்டிட்டு அமுக்கிப் பார்க்கட்டுமா?

வால்வு மாமா
அம்மா, கையை வைக்காதீங்க! முதல்ல ரெண்டு பிளக்கையும் உருவுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

அது குவாட் எலக்ட்ரோஸ்டாடிக். இங்கிலாந்துல ஹண்டிங்டன் ஊர்ல பீட்டர் வாக்கர் உருவாக்கினது, 1957-ல விற்பனைக்கு வந்துச்சு. அதுல கூம்பும் காந்தமும் கிடையாது. மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓட்டை போட்ட தகடு. தாள்ல ஏறியிருக்கிற மின்னேற்றம் பாஸ் பேனல்ல கிட்டத்தட்ட 6,000 வோல்ட், நடு ட்ரெபிள் பேனல்ல 1,500. கரண்ட் பிளக் அதுக்குத்தான். உங்க அண்ணன் பையன் கேட்ட சடசட, பேனலுக்குள்ள பொறி பாயற சத்தம். வாசனை ஓசோன். இன்னும் கொஞ்சம் வால்யூம் வெச்சிருந்தா தாள்ல ஓட்டை விழுந்திருக்கும். 15 வாட் ஆம்புக்குன்னு செஞ்ச பெட்டி அது. தீபாவளி அணுகுண்டை அகல்ல வெச்சுக் கொளுத்தினா எப்படி?

கன்டென்சர்
நான் சாதாரண ஸ்பீக்கர்னு நினைச்சுச் சொன்னேன். அக்கா, அமுக்காதீங்க. மன்னிச்சுக்கோங்க.

மழைமானி
பார்த்தீங்களா, எலக்ட்ரோஸ்டாடிக்னா ஈரத்துக்குத்தான் முதல்ல பயப்படணும். நான் சொன்னதுதான்.

எஸ்பி ரோடு வாசி
ஈரமாவும் இருக்கலாம், மத்ததையும் பார்க்கணும். அக்கா, சத்தம் கம்மியா வரது ஸ்பீக்கரா ஆம்பான்னு முதல்ல தெரியணும். சின்ன ஆம்ப் ஒண்ணு வேணும். என்கிட்ட 12 வாட் இருக்கு, எடுத்துட்டு வரேன். பிளக் போட்டு ஒரு ராத்திரி விட்டுடுவோம், தாள்ல சார்ஜ் ஏறவே நேரம் ஆகும். அப்புறம் இடது வயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்திப் போடுவோம். குறை அதே பெட்டியில நின்னா பெட்டிதான். அப்படின்னா பெரும்பாலும் உள்ளே வோல்ட்டை ஏத்திக் கொடுக்கிற ரெக்டிஃபையர் கட்டை சோர்ந்திருக்கும், இல்லேன்னா பாஸ் பேனல் சார்ஜைப் பிடிச்சு வெச்சுக்க மாட்டேங்குது. ரெண்டுமே ரிப்பேர் ஆகும். ஜெர்மனியில இன்னும் புதுப் பேனல் செஞ்சு தராங்க.

தொப்பி
குறுக்கே வரேன். யாருக்குக் கொடுத்தாலும் கர்நாடக சங்கீதம் கேக்கறவங்களுக்குக் கொடுக்காதீங்க. குரல் தேன் மாதிரி வரும், ஒத்துக்கறேன். மிருதங்கத்துல வலந்தலை (வலது பக்கம்) மட்டும் டிங் டிங்னு கேக்கும், தொப்பி (இடது பக்கம்) வராது. பாஸே இல்லாத பெட்டி.

வால்வு மாமா
யார் சொன்னது? அது 45 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். ஒரு கட்டை சுருதின்னா 130 சொச்சம். தொப்பி அதுக்குக் கீழ் ஸ்தாயின்னே வெச்சாலும் 65. உனக்கு வேண்டியது தொப்பி இல்லை, பப்ல அடிக்கிற டம்மு டம்மு.

தொப்பி
கணக்கு சரி மாமா, காது? ரவை ஒட்டின தொப்பியை விரலால தேய்ச்சு ஒரு கும்கி கொடுத்தா வயித்துல தெரியணும். நான் பதினோரு வருஷம் வாசிச்சவன். உங்க பெட்டியில அது வயித்துக்கு வரதில்லை, மூக்கு வரைக்கும்தான்.

கன்டென்சர்
ரூம்ல எங்கே வெச்சுக் கேட்டீங்க? அது பின்பக்கமும் அதே சத்தம் போடும். சுவத்தை ஒட்டி வெச்சா பாஸ் தன்னைத் தானே தின்னுடும். நாலடியாவது முன்னாடி இழுக்கணும். பத்துக்குப் பன்னிரண்டு ரூம்ல அப்படி வெச்சா சோபா வாசலுக்குப் போயிடும்.

வால்வு மாமா
அடுத்த மாடல் ஈஎஸ்எல் 63-ஐ 1963-லயே கொண்டு வந்தாங்களே.

எஸ்பி ரோடு வாசி
மாமா, 63 வேலை ஆரம்பிச்ச வருஷம். கடைக்கு வந்தது 1981. இருபது வருஷமா இதையேதான் சொல்லிட்டு இருக்கீங்களா? 😄

எட்டாவது கிராஸ் (செவ்வாய், இரவு 9.50)
பிளக் உருவிட்டேன். ரொம்ப நன்றி. மிருதங்கம் பத்தித் தெரியாது, அப்பா ராத்திரியில லால்குடி வயலின் மட்டும்தான் போடுவார், அதுவும் மெதுவா. இந்திரா நகர் பப் ஒண்ணுல "பார் பின்னாடி அலங்காரத்துக்கு நிக்கட்டும், உள்ளே லைட் போட்டுக்கறோம்"னு கேட்டாங்க. நல்ல விலை. மனசு வரலை. அப்புறம், ஆம்ப் கேட்டீங்களே. பல்ப் எரியற மாதிரி சாம்பல் கலர் இரும்புப் பெட்டி ரெண்டு இருந்துச்சு, கூடவே திருகு வெச்ச சின்னப் பெட்டி ஒண்ணு. துரு பிடிச்சிருந்தது, போன வாரமே குஜரிக்காரருக்கு எடைக்குப் போட்டாச்சு.

கன்டென்சர்
ஐயோ.

மழைமானி
எடைக்கா???

வால்வு மாமா
அது குவாட் II. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கேடி66 வால்வு. அந்த ஸ்பீக்கருக்குன்னே பிறந்த 15 வாட். நான் தண்ணி குடிச்சுட்டு வரேன்.

எஸ்பி ரோடு வாசி
எந்த குஜரிக்காரர்? கடை எங்கே?

எட்டாவது கிராஸ்
யஷ்வந்த்பூர் மார்க்கெட் பக்கம்னு சொன்னார். நம்பர் தனிச் செய்தியில அனுப்பறேன். அது அவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியாது. தூசியா இருந்துச்சு, அவ்வளவுதான்.

தொப்பி
அக்கா, விடுங்க. யாருக்குத் தெரியும். ஜே.பி. நகர்ல இசை மியூசியம் இருக்கு, அங்கே கேட்டுப் பாருங்களேன்?

எஸ்பி ரோடு வாசி
கேக்கலாம். ஆனா கண்ணாடிக்குப் பின்னாடி நின்னா அது பாடாது, அவங்க கேட்டது பாடுற வீடு. நாலு கேள்வி கேட்டுக் கொடுங்க அக்கா: ஆம்ப் எத்தனை வாட், ஹால் எவ்வளவு பெருசு, வீட்ல சின்னக் குழந்தையோ பூனையோ உண்டா, சுவர் பிளக்ல எர்த் இருக்கா. ஆம்ப் பத்தி "நூறு வாட், செம பவர்"னு பெருமையா சொன்னா காபி கொடுத்து அனுப்பிடுங்க. தூக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பிளக் இல்லாம விட்டுடணும். வலையில கை வெச்சுத் தூக்கக் கூடாது, ஓரக் கட்டையைப் பிடிக்கணும். வலைக்கு மேல அட்டை, அதுக்கு மேல ஜமுக்காளம், குட்டியானையில நிமிர்த்தி வெச்சே கொண்டு போகணும். ஒண்ணு 18 கிலோ இருக்கும், ரெண்டு பேர் போதும்.

மழைமானி
மழை இல்லாத நாளா பார்த்து.

எட்டாவது கிராஸ் (ஞாயிறு, மதியம் 2.05)
ஆள் கிடைச்சாச்சு. பசவனகுடியில ஒரு ரிடயர்டு வாத்தியார், பழைய வீடு, பெரிய ஹால். அவரோட ஆம்பைத் துணிப் பையில தூக்கிட்டு வந்தார். எஸ்பி ரோடு தம்பியும் இருந்தார். சத்தம் கம்மியா வந்தது பெட்டியிலதான், ரெக்டிஃபையராம், அவரே பார்த்துக்கறாராம். லால்குடி போட்டோம். பாதியில நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன். காலையில வண்டி வந்துச்சு. எல்லாருக்கும் நன்றி. இன்னும் நாலு பீரோ பாக்கி இருக்கு.

வால்வு மாமா
சந்தோஷம்மா. தம்பி, யஷ்வந்த்பூர் என்ன ஆச்சு?

எஸ்பி ரோடு வாசி
போனேன் மாமா. ஒரு பெட்டியில டிரான்ஸ்ஃபார்மரை உரிச்சுச் செம்பை எடுத்தாச்சு. இன்னொண்ணு முழுசா கிடைச்சுது, டயர் குவியலுக்கு அடியில. திருகு வெச்ச பெட்டியை யாரோ ரேடியோன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். வால்வு நாலுல மூணு உடையலை. முழுசா இருக்கிறதை வாத்தியார்கிட்ட கொடுத்துடப் போறேன்.

வால்வு மாமா
அந்த மூணாவது கேடி66-ஐ என்ன பண்ணப் போறே? சும்மா கேட்டேன்.