திரும்பி வராத பிள்ளைக்கு ஒரு கிறிஸ்தவ நாவல் உண்டா?

பாளை வாசகி:

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். இரண்டு வருடமாக அமெரிக்கக் கிறிஸ்தவ நாவல்களையே படித்துவருகிறேன். மகள் கிண்டில் வாங்கிக் கொடுத்தாள்; எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவது இந்த வயதில் பெரிய உதவி. எங்கள் சபை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மாதம் ஒரு நாவலின் கதையைத் தமிழில் சொல்கிறேன். அடுத்ததற்கு என்ன என்று கேட்கத்தான் வந்தேன். ஆனால் எனக்காகவும் கேட்கிறேன்.

படித்ததில் மிகவும் பிடித்தது சார்லஸ் மார்ட்டினின் 'தி வாட்டர் கீப்பர்' (2020). கடத்தப்பட்ட பெண்பிள்ளைகளைத் தேடி ஃபுளோரிடா கரையோரமாகப் படகில் போகிற ஒருவனின் கதை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனை மனதில் வைத்து எழுதியது என்று பெயரிலேயே தெரிந்துவிடும், ஆள் பெயர் மர்ஃபி ஷெப்பர்ட், ஷெப்பர்ட் என்றால் மேய்ப்பன். இரண்டு இரவில் முடித்தேன். லின் ஆஸ்டினின் 'சேசிங் ஷாடோஸ்' (2021) இன்னொன்று. ஜெர்மன்காரர்கள் பிடித்த நெதர்லாந்தில் நடக்கிறது. அதில் வருகிற பெண்கள் பயந்துகொண்டேதான் ஜெபிக்கிறார்கள். அந்தப் பயத்தை ஆசிரியர் துடைத்தெடுக்கவில்லை.

ஃபிரான்சின் ரிவர்ஸின் 'தி மாஸ்டர்பீஸ்' (2018) முதல் பாதி எனக்கு நன்றாகவே இருந்தது. ரோமன் என்ற ஓவியன், சிறுவயதில் கைவிடப்பட்டவன், யாரையும் கிட்டே விடமாட்டான். அவன் கோபத்தை நம்பினேன். பிறகு செத்துப் பிழைத்து, நரகத்தைப் பார்த்துத் திரும்பி, மனம் மாறுகிறான். மாறட்டும், அது நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதுவரை எனக்குத் தெரிந்த ரோமன் அந்தப் பக்கத்தோடு காணாமல் போனான்.

என் கேள்வி இதுதான். இந்த நாவல்களில் வீட்டை விட்டுப் போனவர்கள் எல்லாரும் கடைசி அத்தியாயத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். என் தம்பி 1998-இல் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன். உயிரோடு இருக்கிறான், அது மட்டும் தெரியும். அப்பா 2019-இல் இறந்தார். ஒவ்வொரு வருடமும், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்டகுமாரன் கதையில் பிரசங்கம் கேட்கும்போது எனக்கு உட்காரவே முடியாது. தகப்பன் தூரத்திலேயே கண்டு ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ள, பிள்ளை வர வேண்டுமே? வராத வீட்டைப் பற்றி, விசுவாசத்தை விடாமல் எழுதிய நாவல் ஏதாவது உண்டா?

மாலைநேர வாசகன்:

உண்டு அம்மா. மெரிலின் ராபின்சனின் 'ஹோம்', 2008-இல் வந்தது. அதற்கு முன் 2004-இல் வந்த 'கிலியட்' அவருக்குப் புலிட்சர் பரிசு வாங்கித் தந்தது. நம் வேதாகமத்தில் வருகிற கீலேயாத் தான், அயோவாவில் அந்தப் பெயரில் ஒரு சின்ன ஊராகக் கற்பனை செய்திருக்கிறார். இரண்டு நாவலும் 1956-இல் அதே ஊரில் நடக்கின்றன. இருபது வருடம் கழித்து ஜாக் பௌட்டன் வீட்டுக்கு வருகிறான். அப்பா ஓய்வுபெற்ற பிரஸ்பிடேரியன் போதகர், படுக்கையை நெருங்கிவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் தங்கை குளோரியும் உங்களைப் போல ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். மீதியைச் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும். அமெரிக்காவில் 'கிறிஸ்தவ நாவல்' என்று தனி அலமாரி வைத்து விற்கிறார்களே, ராபின்சன் அந்த அலமாரியில் சேர்ந்தவர் இல்லை. பொது இலக்கியப் பதிப்பகத்தில் வெளியானவை. அதனாலேயே பலர் இவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்குறித்தலைப் பற்றி, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற போதனையைப் பற்றி, பௌட்டன் வீட்டில் நடக்கிற வாக்குவாதத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. மனிதன் மாறவே முடியாதா என்று ஜாக் கேட்கிறான். கேட்பவனுக்குப் பதில் உயிர்ப் பிரச்சினை.

கிராமத்து ஐயரம்மா:

அக்கா, உங்கள் வலி புரிகிறது. ஆனாலும் ரிவர்ஸுக்காக ஒரு வார்த்தை பேச விடுங்கள். என் கணவர் சபை ஐயர், அதாவது போதகர். நாங்கள் இருந்த ஊர்கள் எல்லாவற்றிலும் போன பிள்ளைக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். என் மாமியார் கீமோ எடுத்துக்கொண்டிருந்தபோது 'ரிடீமிங் லவ்' கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். துரோகம் செய்த மனைவியைத் திரும்ப ஏற்றுக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850-களின் கலிபோர்னியாவில், தங்கம் தேடிப் போனவர்களின் நடுவில் வைத்து எழுதியது. கதாநாயகி ஏஞ்சல் கணவனை விட்டு ஓடிப்போகிற ஒவ்வொரு தடவையும் அவர்கள் தலையைத் திருப்பி, "திரும்ப வந்தாளா?" என்பார்கள். முடிவு முன்கூட்டியே தெரிகிறது என்று நாம் குறையாகச் சொல்கிறோம். அவர்களுக்கு அந்த முடிவு வேண்டியிருந்தது. கதையிலாவது அவள் வீடு வந்து சேரட்டும் அக்கா.

கொற்கைக் கரை:

நான் கத்தோலிக்கன், எங்களுக்கு அவன் 'ஊதாரி மகன்'. பெயர் மாறினாலும் கதையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. லூக்கா 15-இல் மூன்று உவமை. ஆட்டைத் தேடிப் போகிறார்கள், காசைத் தேடி வீட்டைப் பெருக்குகிறார்கள். மகனைத் தேடி யாரும் போகவில்லை. வீட்டிலேயே இருந்த மூத்த மகன் போயிருக்கலாம்.

'ஹோம்' படித்து முடித்ததும் 'ஜாக்' (2020) படியுங்கள். செயின்ட் லூயிஸில் இரவு பூட்டிவிட்ட கல்லறைத் தோட்டத்துக்குள் ஜாக்கும் டெல்லாவும் விடியும்வரை பேசிக்கொண்டிருப்பதே கிட்டத்தட்ட எழுபது பக்கம். அவள் கறுப்பினப் பள்ளி ஆசிரியை, மெதடிஸ்ட் பிஷப்பின் மகள். ஜாக் வெள்ளையன்; மிசூரியில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் செய்துகொள்ளும் திருமணம் 1967 வரை சட்டப்படி செல்லாது. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளை வாசகி (மூன்று வாரம் கழித்து):

'ஹோம்' முடித்தேன். முடிவைப் பற்றிப் பேசப் போகிறேன், படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜாக் கொட்டகையில் கிடந்த பழைய டிசோட்டோ காரைச் சரிசெய்து அப்பாவை உட்காரவைத்து ஓட்டிப் போகிற இடத்தில் கிண்டிலை மூடி வைத்துவிட்டேன். தம்பி எங்கள் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை அப்பாவின் லாம்பி ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டியது. அது ஓடவும் செய்தது. மறுவாரம்தான் சண்டை.

அப்புறம் மாண்ட்காமரியில் உரிமைக்காகப் போராடிய கறுப்பின மக்களைப் போலீஸ் அடக்குவதைத் தொலைக்காட்சியில் காட்டும் இடங்கள். பெரிய பௌட்டன் நல்லவர், மகனுக்காக இருபது வருடம் அழுதவர். அதே வாயால் கறுப்பின மக்களைப் பற்றி அலட்சியமாகப் பேசுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் மகனின் மனைவியும் பிள்ளையும் அந்த மக்கள் என்று அவருக்குத் தெரியாது. மகன் தங்க முடியாததற்குக் காரணம் அந்தக் கூடத்திலேயே இருக்கிறது. எங்கள் அப்பாவும் ஜெபிக்கிறவர்தான். தம்பி கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணைப் பற்றி, அவள் ஜாதியைப் பற்றி, அவர் சாப்பாட்டு மேசையில் பேசியதை நான் இருபத்தைந்து வருடமாக 'சண்டை' என்று மட்டுமே சொல்லிவந்திருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான் எழுதியிருந்தேன். கொற்கைக் கரை சொன்ன மூத்தவள் நான்தான். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை.

ஜாக் விடைபெறக் கையை நீட்டுகிறான், அப்பா தன் கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் தகப்பனுக்கு நேர் எதிர். இதை எழுதவும் விசுவாசம் வேண்டியிருக்கிறது. பிறகு 'கிலியட்' எடுத்துக் கடைசிப் பகுதியைப் படித்தேன். ஜாக் ஊரைவிட்டுப் போகிற அன்று, பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில், பௌட்டனின் நண்பரான கிழட்டுப் போதகர் ஏம்ஸ் அவன் நெற்றியில் கைவைத்து, வேதாகமத்தின் எண்ணாகமத்தில் வரும் ஆசீர்வாதத்தைச் சொல்கிறார். "கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரசன்னமாக்கி, உனக்குச் சமாதானம் கட்டளையிடக்கடவர்." ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் காதில் விழுகிற வசனம். வருகிறவனுக்கு இல்லாமல் போகிறவனுக்கு அதைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஐயரம்மா சொன்னது சரி. ரிவர்ஸ் கதையை அடுத்த மாதம் சங்கத்தில் சொல்லப் போகிறேன். 'ஹோம்' கதையை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, அதில் நானும் வந்துவிடுவேன்.

ஒரு செய்தி. அப்பா கட்டிய வீட்டை விற்க நானும் தங்கையும் பேசி வைத்திருந்தோம், சனிக்கிழமை தரகர் வருவதாக இருந்தது. நாவலின் கடைசியில் ஜாக்கின் சின்ன மகன் என்றாவது ஒருநாள் தேடி வருவான் என்று குளோரி அந்தப் பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொள்ள முடிவு செய்கிறாள். தரகரிடம் கிறிஸ்துமஸ் தாண்டட்டும் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரிக்க ஒரு ஆளைப் பிடித்திருக்கிறேன்.