கணக்கெல்லாம் சரி, சத்தத்தில் மட்டும் உயிர் இல்லை. ஏன்?

அலைமாறி:
ஓய்வு நேரத்தில் சி++இல் சொந்தமா ஒரு சிந்த் (மின்னணு முறையில் இசை ஒலி உண்டாக்கும் சிந்தசைசர்) எழுதிட்டு இருக்கேன். ரெண்டு சாடூத் ஆசிலேட்டர் (ரம்பப்பல் வடிவ அலையை உண்டாக்குறது), 24 டெசிபெல் லோபாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களை வெட்டுறது), ஒரு என்வலப் (சத்தம் எழுந்து அடங்குற விதத்தை வகுக்கிறது). அனலைசரில் பார்த்தா பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வருது. வாசிச்சா சப்புன்னு இருக்கு, மேல்ஸ்தாயியில் கரகரப்பு வேற. கீபோர்டு வாசிக்கிற தோழி கேட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல என்ன வாசிக்கிறது?"ன்னாங்க. இது இன்ஜினியரிங் குறையா, இல்ல எனக்குக் காது போதலையா?

சாலிடர்புகை:
பழைய சிந்த்களைப் பிரிச்சு ரிப்பேர் பார்க்கிறவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்றேன்.

கரகரப்பு அலியாசிங். சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை எண்ணா எழுதுறோம்ங்கிறது) 44,100 என்றால் 22,050 ஹெர்ட்ஸைத் தாண்டினது எல்லாம் மடங்கிக் கீழே விழும். 3,000 ஹெர்ட்ஸ் சாடூத்தோட 14ஆவது ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் 14 மடங்கு) 42,000. அது 2,100இல் வந்து உட்காரும், நீங்க அழுத்தின சுரத்துக்கும் கீழே! பாலிபிளெப் (அலையோட கூர்மையான தாவலை மழுக்குற உத்தி) போடுங்க, பெரும்பாலும் அடங்கிடும்.

ஃபில்டர் கதை நேர் எதிர். மூக் (Moog) கம்பெனி சிந்த்களின் லேடர் ஃபில்டரில் சிக்னல் பெருத்தா டிரான்சிஸ்டர்கள் அதை மெல்ல நசுக்கும். கணக்குப்படி அது பிழை. அந்தப் பிழைக்குத்தான் ஜனங்க இன்னிக்கும் காசு கொடுக்கிறாங்க. உங்க ஃபில்டரோட நாலு படியிலும் டான்ஹெச் (tanh, இதே மாதிரி மெல்ல நசுக்குற கணிதச் சார்பு) வெச்சுப் பாருங்க. ஃபீட்பேக் (வெளியீட்டைத் திரும்ப உள்ளே விடுற அளவு) 4ஐத் தாண்டும்போது இந்த நசுக்கல் இல்லாத வெறும் லீனியர் ஃபில்டர் வெடிச்சுப் போகும். டான்ஹெச் போட்டது கிட்டத்தட்ட சைன் அலையா நின்னு பாடும்.

எந்தப் பிழையை வெட்டணும், எதை வெச்சுக்கணும்னு அனலைசர் சொல்லாது. உங்க தோழியைப் பக்கத்தில் உட்கார வெச்சுக்கிட்டு கோட் எழுதுங்க.

அப்புறம், உங்க கட்ஆஃப் நாப் (ஃபில்டர் எந்த அதிர்வெண்ணிலிருந்து வெட்டணும்னு வைக்கிற திருகு) ஹெர்ட்ஸில் நேர்கோடாப் போகுதா?

அலைமாறி:
ஆமாங்க, 20லிருந்து 20,000 வரை. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

சாலிடர்புகை:
"என்ன வாசிக்கிறது"ன்னு அவங்க கேட்டதை வெச்சுத்தான். 20லிருந்து 20,000 வரை கிட்டத்தட்ட பத்து ஆக்டேவ் (அதிர்வெண் ஒரு தடவை இரட்டிச்சா ஒரு ஆக்டேவ்). நேர்கோடா வெச்சா நாப் பாதி திரும்பும்போதே 10,010. ஒன்பது ஆக்டேவ் முடிஞ்சுடுச்சு. மீதிப் பாதி முழுக்க ஒரே ஒரு ஆக்டேவ். கை நகர்ந்ததுக்கும் காது கேட்டதுக்கும் சம்பந்தமே இருக்காது. எக்ஸ்பொனென்ஷியலா மாத்துங்க, நடுவில் 632 வரும். ஒரே வரி கோட். என்னைக் கேட்டா, மொத்த சிந்த்லயும் கலை அதிகமா இருக்கிறது அந்த வரியில்தான்.

நள்ளிரவுலூப்:
இன்னொண்ணு: நோட் அழுத்தும்போதெல்லாம் ஆசிலேட்டர் ஃபேஸை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்குங்கிறதை) சைபருக்குக் கொண்டு வர்றீங்களா? அப்போ ஒவ்வொரு நோட்டும் அச்சு எடுத்த மாதிரி ஒரே மாதிரித் தொடங்கும். ஃப்ரீயா ஓடவிடுங்க. ரெண்டாவது ஆசிலேட்டரை 7 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தள்ளி வைங்க; 220 ஹெர்ட்ஸில் விநாடிக்கு ஒரு தடவைக்குச் சற்றுக் குறைவா அசையும்.

பெட்ரூம்பேஸ்:
எல்லாம் வாசிக்கிறவங்க கையில்தாங்க. டிபி-303ங்கிற பேஸ் சிந்த்தை ரோலண்ட் கம்பெனி பேஸ் கிட்டாருக்கு மாற்றாத்தான் விட்டாங்க. போணியாகலை, 1984இல் நிறுத்திட்டாங்க. அப்புறம் சிகாகோ பசங்க அதிலிருந்து ஆசிட் ஹவுஸ்ங்கிற நடன இசையையே கிளப்பலையா? இன்ஜினியர் நினைச்சா நடந்தது?

சாலிடர்புகை:
நினைக்கலைதான். ஆனா பேட்டர்ன் ஓடிட்டு இருக்கும்போதே திருப்புற மாதிரி கட்ஆஃப், ரெசனன்ஸ் (கட்ஆஃப் பக்கத்து ஒலியைத் தூக்கிக் காட்டுறது) நாப்களை முகப்பில் வெச்சது யாரு? அதை மெனுவுக்குள்ள புதைச்சிருந்தா எந்தப் பையன் திருப்பியிருப்பான்?

அலைமாறி:
நாப், டான்ஹெச், ஃபேஸ் மூணையும் மாத்திட்டேன். தோழி கீபோர்டை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க! ஆனா ரெசனன்ஸ் ஏத்திட்டு மிடி (இசைக்கருவியும் கணினியும் பேசிக்கிற முறை) நாபைத் திருப்பினா படிப்படியாக் கேட்குது.

சாலிடர்புகை:
சாதாரண மிடியில் ஒரு நாபுக்கு 128 நிலைதான். பத்து ஆக்டேவுக்குப் பரப்பினா ஒரு படி கிட்டத்தட்ட அரைச்சுரம், கேட்கத்தான் செய்யும். வர்ற மதிப்பை ஸ்மூத் பண்ணுங்க, 10 மில்லிசெகண்டில் ஆரம்பிங்க. ரொம்ப ஏத்தினா சத்தம் வழவழன்னு வரும், ஆனா வேகமாத் திருப்பும்போது கைக்குப் பின்னாலயே ஓடிவரும். எவ்வளவுன்னு அவங்களே திருப்பிப் பார்த்துச் சொல்லட்டும்.