புதுப்பிப்பு: குவெரியில் வரும் ஆப்ஜெக்ட்டில் மட்டும் அட்ரிபியூட் இல்லாதது ஏன்?

எஸ்கியூஎல்ஆல்கெமி என்பது டேட்டாபேஸ் ரோக்களைப் பைத்தான் ஆப்ஜெக்ட்டாகத் தரும் லைப்ரரி. அதன் மாடலின் (டேபிளுக்கான கிளாஸ்) இனிட்டில், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தடில், காலி கேஷ் டிக்ஷனரி ஒன்றை வைத்தால், நாமே உருவாக்கும் ஆப்ஜெக்ட்டில் அது இருக்கிறது. குவெரி செய்து எடுத்ததில் மட்டும் அட்ரிபியூட் எரர் வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

ரோவை ஆப்ஜெக்ட்டாக மாற்றும்போது இந்த லைப்ரரி இனிட்டைக் கூப்பிடுவதே இல்லை. நியூ மெத்தடால் வெறும் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, மதிப்புகளை நேராக அதன் டிக்டில் (அட்ரிபியூட்கள் இருக்கும் டிக்ஷனரி) நிரப்பிவிடுகிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. உதாரணமாக, ஒரு ஆர்டர் ஒரு முறைதான் உருவாகிறது. அதை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போதெல்லாம் 'புது ஆர்டர்' லாஜிக் ஓடினால் விபரீதம்தான்.

கேஷை அமைக்கும் வரியைத் தனி மெத்தடாக்கி, ரீகன்ஸ்ட்ரக்டர் டெகரேட்டர் போட்டேன். அது போட்ட மெத்தட், டேட்டாபேஸிலிருந்து ஆப்ஜெக்ட் வரும்போது ஓடும். இனிட்டும் அதையே கூப்பிடுகிறது. எரர் போய்விட்டது. ஆனால் அந்த மெத்தடுக்குள் ரிலேஷன்ஷிப்களை (மற்ற மாடல்களோடு உள்ள தொடர்புகள்) தொடாதீர்கள். தொடர்புள்ள ரோக்களையும் முன்கூட்டியே எடுக்கும் ஈகர் லோடிங் அப்போது முழுதாக முடிந்திருக்காது.

ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) பற்றிக் கேட்டவர்களுக்கு: அங்கே டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போதும் இனிட் ஓடும். அதனால் இனிட்டில் கனமான வேலை எதையும் வைக்காதீர்கள், ஒவ்வொரு ரோவுக்கும் அது ஓடும். ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் ஹைபர்நேட், ஆர்கியுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கேட்பதும் ரோவிலிருந்து ஆப்ஜெக்ட்டை உருவாக்கத்தான்.