கார்டியாக் சிடியில் டேபிள் தொய்வு: நாய்ஸ், படி வெட்டு இரண்டுக்கும் இதுதான் காரணமா?

ராத்திரி_ஷிப்ட்:
சிடி டெக்னீஷியன் நான். நேற்று 110 கிலோ நோயாளி ஒருவருக்குக் கரோனரி ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் படம்). வெளியே லேசரை நெஞ்சின் நடுவில் வைத்துவிட்டுத்தான் டேபிளை உள்ளே அனுப்பினேன், ஆனால் லேட்டரல் ஸ்கவுட்டில் (பக்கவாட்டு முன்னோட்டப் படத்தில்) பார்த்தால் ஆள் ஐசோசென்டருக்கு, அதாவது மெஷின் வளையத்தின் மையத்துக்கு, நன்றாகக் கீழே கிடக்கிறார். அவசரத்தில் அப்படியே ஓட்டிவிட்டேன். படம் முழுக்க நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்), போதாததற்கு எல்ஏடி (இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்) நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. டாக்டர் என்னைத்தான் கேட்கிறார். சர்வீஸ் இன்ஜினியரோ "எல்லா டேபிளும் கொஞ்சம் தொய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டுக்கும் தொய்வுதான் காரணமா?

பழைய_ஃபிலிம்:
இன்ஜினியர் சொன்னது பொய்யில்லை தம்பி. பலகைக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம், உள்ளே நீள நீள, பாரம் கூடக் கூட முனை தாழத்தான் செய்யும். ஆனால் அதைப் பார்த்துவிட்டும் ஓட்டியது உங்கள் தப்பு.

நாய்ஸுக்குத் தொய்வு காரணமாக இருக்கலாம். கதிரை வடிகட்டும் போ-டை ஃபில்டர் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிமன். ஆள் கீழே இறங்கிவிட்டால் பக்கவாட்டிலிருந்து கதிர் வரும்போது உடம்பின் தடித்த பாகம் ஃபில்டரின் தடித்த பக்கத்துக்கு நேராக வந்துவிடும், அங்கே போதுமான கதிர் போய்ச் சேராது. அதோடு, எக்ஸ்ரே டியூபை மேலே வைத்து நேர் ஸ்கவுட் எடுத்திருந்தால் ஆள் டியூபிலிருந்து தள்ளிப் போனதால் ஒல்லியாகத் தெரிவார், மெஷின் அதை நம்பி மில்லிஆம்பியரை, அதாவது கதிரின் அளவை, குறைத்துவிடும். டியூப் கீழே இருந்தால் நேர்மாறு, டோஸ் வீணாக ஏறும்.

படி வெட்டு வேறு கதை. 4 செமீ டிடெக்டரில் இதயத்தை மூன்று நான்கு துடிப்புகளில் துண்டு துண்டாக எடுக்கிறோம், ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கூடும் தொய்வு ரொம்பச் சொற்பம். சாஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) படத்தில் மார்பெலும்பைப் பாருங்கள். எலும்பிலும் படி இருந்தால் மூச்சு, அல்லது ஆள் அசைந்திருக்கிறார். எலும்பு நேராக இருந்து இதயம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் துடிப்பு மாறியதுதான் காரணம்.

ராத்திரி_ஷிப்ட்:
எலும்பு நேராகத்தான் இருக்கிறது அண்ணா. இப்போதுதான் ஈசிஜியைத் திறந்து பார்த்தேன், மூன்றாவது துடிப்பு முந்திக்கொண்டு வந்திருக்கிறது. துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மருந்து கொடுத்தும் நிமிடத்துக்கு 72-க்குக் கீழே இறங்காத ஆள். டியூப் மேலேதான் இருந்தது.

காமா_கேமரா:
எங்கள் ஸ்பெக்ட்-சிடி (கதிரியக்க மருந்தைப் படமெடுக்கும் கேமராவும் சிடியும் சேர்ந்தது) பக்கம் இந்தத் தொய்வு இன்னும் தொல்லை. சிடி ஓர் உயரத்தில், ஸ்பெக்ட் வேறு உயரத்தில் என்று ஆகிவிட்டால் அட்டெனுவேஷன் திருத்தம் (உடம்பு உறிஞ்சிய கதிரைச் சிடி கொண்டு ஈடுகட்டுவது) இடம் மாறி, நல்ல இதயச் சுவரிலும் ரத்தம் குறைந்த மாதிரி காட்டும்.

உங்களுக்கு ஒரு யோசனை. பலகையில் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி, டேபிளைக் கொஞ்சம் நீட்டி ஒரு ஸ்லைஸ், இதயம் எடுக்கும் அளவுக்கு நீட்டி ஒரு ஸ்லைஸ். கம்பி எத்தனை மிமீ இறங்கியது என்று திரையிலேயே அளந்துவிடலாம். அப்புறம் பாரம் ஏற்றி அதையே திரும்பச் செய்யுங்கள். நாங்கள் மணல் மூட்டை வைப்போம்.

பழைய_ஃபிலிம்:
பாரத்துக்கு மணல் மூட்டை சரி, தண்ணீர் கேன் மட்டும் வேண்டாம், சிந்தினால் இன்ஜினியர் உடனே ஓடி வருவார். இன்னொன்று, அடுத்த முறை டேபிளை உயர்த்தினால் ஸ்கவுட்டை மறுபடி எடுங்கள். பழைய ஸ்கவுட்டோடு ஓட்டினால் மில்லிஆம்பியர் பழைய கணக்கிலேயே நிற்கும்.